கர்ப்பப் பரிசோதனைக் கிட்டுக்கும் ஆயுள் உண்டு

மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டின் உறையைக் கிழித்தால், பெரும்பாலும் மூன்று பொருள்கள் இருக்கும்: வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை, சின்ன டிராப்பர், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் குப்பையில் போடுகிறோம். அந்தக் கிட் நம் கைக்கு வரும்வரை கெடாமல் இருந்ததற்கு அந்தப் பொட்டலமும் அலுமினியத் தாள் உறையும்தான் காரணம்.

அட்டைக்குள் மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பட்டை ஒன்று இருக்கிறது. கரு, கருப்பைச் சுவரில் பதிந்ததும் உடலில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். சிறிது சிறிதாகச் சிறுநீரிலும் வெளியேறும். இந்த ஹார்மோனை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதங்களைத்தான் பட்டையில் காயவைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி மிக நுண்ணிய தங்கத் துகள்களில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவுதான் ஒரு துகள். அவ்வளவு சிறிதானால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும்.

அட்டையிலுள்ள குழியில் சிறுநீர்ச் சொட்டுகள் விழுந்ததும் காய்ந்திருந்த தங்கத் துகள்கள் விடுபட்டு, ஈரத்தோடு பட்டையில் நகரும். எச்.சி.ஜி. இருந்தால் அதைப் பற்றிக்கொண்டே போய் 'டி' என்ற இடத்தில் சிக்கிக்கொள்ளும். அங்கே இளஞ்சிவப்புக் கோடு விழும். மிஞ்சியவை 'சி' என்ற இடத்தில் தேங்கி இன்னொரு கோடாகும்.

ஆக, முடிவைச் சொல்வது புரதம். சூடு பட்ட முட்டையின் வெள்ளைக்கரு பழைய நிலைக்குத் திரும்பாததுபோல, உருக்குலைந்த ஆன்டிபாடியும் பெரும்பாலும் திரும்பாது. கொதிக்கும் சூடு வேண்டியதில்லை. மிதமான வெப்பமும் ஈரமும் மாதக்கணக்கில் சேர்ந்தால் அதே சேதம் மெதுவாக நடக்கும். அதனால்தான் காலாவதி தேதி. குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வளவு காலம் கிட் சரியாக வேலை செய்கிறது என்று சோதித்த பிறகே தயாரிப்பாளர் அதை அச்சிடுகிறார். பொதுவாக அது தயாரித்த நாளிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள். சில உறைகளில் மணற்கடிகாரப் படத்தின் பக்கத்தில் இந்தத் தேதி இருக்கும்.

தேதியைப் பார்ப்பவர்களும் அதனோடு சேர்ந்த நிபந்தனையைக் கவனிப்பதில்லை. தெர்மாமீட்டர் படத்துக்கு அருகே 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்பது போன்ற ஓர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவுக்குள், உறை பிரிக்காமல் வைத்திருந்தால் மட்டுமே அந்தத் தேதிக்கு மதிப்பு. வேலூரில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளும் சூடு அதற்கும் மேல். அங்கே கிடந்த கிட்டுக்கு, காலாவதி ஆக ஓராண்டு இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. குளியலறை அலமாரியும் ஈரத்தால் ஆகாது. படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும். பிரிட்ஜில் வைத்தால் உறையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பட்டையில் நீர் கோத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறையைப் பிரித்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

'சி' கோடுதான் வருகிறதே, பிறகென்ன என்று தோன்றலாம். சிறுநீர் பட்டை முழுக்க ஓடியது, தங்கத் துகள்கள் நகர்ந்தன என்பதை மட்டுமே அந்தக் கோடு உறுதி செய்கிறது. 'டி' கோட்டில் உள்ள ஆன்டிபாடிகளுக்கு அது சாட்சி சொல்லாது. நாள்பட்ட கிட்டில் அவை வலுவிழந்திருந்தால், கர்ப்பம் இருந்தும் ஒற்றைக் கோடு மட்டும் வரும்.

பயப்பட வேண்டியது இந்தத் தவறான 'இல்லை'க்குத்தான். அதை நம்பி ஒரு பெண் கருவுக்கு ஆகாத மாத்திரையைத் தொடரலாம். கருவின் நரம்பு மண்டலம் உருவாகும் முதல் வாரங்களில் தேவையான ஃபோலிக் அமிலத்தைத் தொடங்காமல் விடலாம். காலாவதியான கிட் இரண்டு கோடு காட்டினாலும் புதிய கிட்டிலோ ரத்தப் பரிசோதனையிலோ உறுதி செய்துகொள்வதே சரி.

வாங்கும்போதே கடையில் தேதியைப் பாருங்கள். உறை நசுங்கியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் இலவசமாகத் தரும் 'நிஷ்சய்' கிட்டுக்கும் இதே விதிதான். நல்ல கிட்டில் ஒற்றைக் கோடு வந்தும் மாதவிலக்கு வரவில்லையென்றால், சில நாள் கழித்துக் காலையின் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். அப்போதும் தெளிவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளிப்போன நிலையில் கடுமையான அடிவயிற்று வலியோ மயக்கமோ இருந்தால், கிட் என்ன சொன்னாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.