உங்களுக்குத் தெரியுமா? பழைய கட்டில், புது வண்ணம்

பழைய கட்டிலை பெயின்டரிடம் காட்டினால், “டூகோ அடிச்சிடலாம்” என்பார். இந்த டூகோ பிறந்தது மரப் பட்டறையில் இல்லை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காக 1920களின் தொடக்கத்தில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கு வைத்த பெயர் அது. அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணமடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோவில் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிட்டால் போதும், பூச்சு காய்ந்துவிடும். 1924 மாடல் ஓக்லாண்டு கார் இந்தப் பூச்சின் நீல நிறத்தோடுதான் வந்தது. நூறு ஆண்டுகள் கழித்தும், அந்தக் காரைப் பார்த்தே இராத நம் ஊர் பட்டறைகளில் அதன் பெயர் புழங்குகிறது.

★

கட்டிலின் சட்டத்துக்கு ஒரு நிறம், தலைமாட்டுப் பலகைக்கு இன்னொரு நிறம் அடிக்க உதவும் மாஸ்கிங் டேப்பும் கார் கொட்டகையில் பிறந்ததுதான். இரட்டை நிறக் கார்களுக்கு வண்ணமடித்தவர்கள் பசையும் காகிதமும் ஒட்டி, உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட அவதிப்பட்டார்கள். அதைப் பார்த்த த்ரீஎம் நிறுவன ஊழியர் ரிச்சர்டு ட்ரூ 1925இல் இந்த டேப்பைக் கண்டுபிடித்தார். பெயின்ட் முழுக்க இறுகும் முன்பே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். கோடு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

★

உப்புத்தாளில் எண் கூடக் கூட மணல் நைசாகும். 80 பழைய பெயின்ட்டைக் கிளப்பும். 120, 180 மரத்தைச் சமமாக்கும். 220ஐத் தாண்டியவை ஒரு கோட்டிங்குக்கும் அடுத்த கோட்டிங்குக்கும் இடையே மெல்லத் தேய்க்க. 80ஐ எடுத்தவர் நேரே 220க்குத் தாவினால், கீறல்கள் எல்லாம் பெயின்ட் அடித்த பிறகு பல்லைக் காட்டும்.

★

தேய்க்கத் தொடங்கும் முன் கட்டிலின் வயதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இது சம்பிரதாயக் கேள்வி இல்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். அமெரிக்கா 1978லேயே வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடுத்துவிட்டது.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாத்தா காலத்துக் கட்டிலை ஹாலில் போட்டு, வறண்ட உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தால், அந்தத் தூசி தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை வழியே வாய்க்குப் போகும். தீயால் சுட்டு உரிப்பது இன்னும் மோசம், புகையாகவே மூச்சில் ஏறும்.

என்ன செய்யலாம்? பழைய பெயின்ட் உரியாமல் இறுக்கமாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். கழுவித் துடைத்து, பிரைமர் அடித்து மேலே பூசிவிடலாம். தேய்த்தே தீர வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே, கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர்த் தாளால் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். நல்ல முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தை கடித்து விளையாடும் பழைய தொட்டில் கட்டிலாக இருந்தால், என் அபிப்பிராயத்தில் அதற்குப் புது வண்ணமே வேண்டாம். புழக்கத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

★

பழைய தேக்கு அலமாரியின் செம்பொன் மினுமினுப்பு ஒரு பூச்சியின் கொடை. குசும், பலாசம், இலந்தை மரக் கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தால் அதுதான் பிரெஞ்சு பாலிஷ். அரக்கு உற்பத்தியில் ஜார்க்கண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924லேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கால கிராமபோன் தட்டுகளிலும் இதே அரக்குதான் பாடியது. சூடான காபி டம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால் அரக்குப் பாலிஷாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? கண்ணில் படாத மூலையில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குப் பிசுபிசுத்தால் அந்த டூகோ வகை. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே எதைப் பூசினாலும் அது நிற்பது அதிர்ஷ்டம்தான்.

★

தேக்குக்கு வெள்ளை அடித்தவர்கள் பலர் படும் பாடு இது: நான்காம் நாள் தேநீர்க் கறைபோல மஞ்சள் திட்டுகள் கிளம்பும். மேலும் இரண்டு கோட்டிங் அடித்தாலும் அடங்காது. மரத்துக்குள் இருக்கும் எண்ணெயும் சாயப் பொருள்களும் பெயின்ட் வழியே ஊறி வருகின்றன. மேற்பரப்பைத் தின்னரால் துடைத்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்குப் பிரைமரை ஒரு கோட்டிங் கொடுத்தால் கறை உள்ளேயே நிற்கும்.

★

வெயில் பட்டால் நிறம் மங்கும் என்பது நமக்குத் தெரியும். எண்ணெய் வகை வெள்ளை எனாமல் இதில் தலைகீழ். வெளிச்சம் படாத இடத்தில்தான் அது சீக்கிரம் மஞ்சளாகும். அலமாரியின் உட்பக்கம், சுவரை ஒட்டிய கட்டில் முதுகு எல்லாம் பழுப்பேறி, ஜன்னல் பக்கம் வெள்ளையாகவே இருப்பது இதனால்தான். படுக்கையறைக்கு வெள்ளை வேண்டுமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் எனாமலே நல்லது. வாசனையும் குறைவு.

★

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானே தீப்பிடிக்கும். எண்ணெய் காய்வதென்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வது. அப்போது வெப்பம் பிறக்கும், சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். 1991 பிப்ரவரி 23 இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது இப்படித்தான். மரப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன துணிகள்தான் காரணம். 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். 30ஆம் மாடியிலிருந்த நீர்த்தெளிப்பான்கள்தான் தீயை மேலே ஏறவிடாமல் நிறுத்தின. வேலை முடிந்ததும் துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். இந்த ஒன்றை மட்டும் நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

★

இங்கிலாந்தின் சசெக்ஸில் சார்ல்ஸ்டன் என்றொரு பண்ணை வீடு. 1916இல் குடியேறிய ஓவியர்கள் வனெசா பெல்லும் டங்கன் கிராண்டும் கட்டில், அலமாரி, கதவு, கணப்பு மாடம் என்று கைக்கு எட்டியதிலெல்லாம் வரைந்து தள்ளினார்கள். இன்று அது அருங்காட்சியகம். நம் பக்கத்தில் குஜராத்தின் சங்கேடா கைவினைஞர்கள் கடைசல் பிடித்த கால்களுக்கு அரக்கும் வண்ணமும் ஏற்றி ஊஞ்சலும் தொட்டிலும் செய்கிறார்கள். பார்த்தால், வெறும் பழுப்பே மரத்துக்கு மரியாதை என்ற எண்ணம் போய்விடும். ஆனால் ஈட்டி மரத்தில் செதுக்கிய பழைய கட்டில் கிடைத்தால் தயவுசெய்து பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். கிடைத்தற்கரிய மரம் அது. செதுக்கலின் குழிகளில் ஒருமுறை பெயின்ட் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

★

இரும்பு பீரோவுக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு எனாமல். மரக் கட்டிலுக்குப் பட்டி பார்க்கும்போது பொருத்துகளின் இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். மூட்டைப்பூச்சிக்கு ஒளிய இடம் குறையும். முன்பு மண்ணெண்ணெய் ஊற்றிய கட்டிலென்றால், அதைச் சோப்பு நீரால் கழுவிக் காயவிட்ட பிறகே பிரைமர்.

★

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் இறுகிவிட்டது என்பதற்கும் நடுவே பல நாள் இருக்கிறது. எனாமல் சில மணி நேரத்தில் மேலே காயும்; உள்ளே கெட்டிப்பட இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூட. அவசரப்பட்டு மெத்தையைப் போட்டால் உறையின் நெசவு அப்படியே பெயின்ட்டில் பதியும். கட்டில் காலின் உட்பக்கம் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் சில நாள் பாயில் படுக்க வேண்டியதுதான்.