தானியம் மட்டும் தின்னும் பட்ஜிக்குக் கீரை பழக்குவது எப்படி?

மருத்துவப் பக்கத்தில் பறவைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். குடும்ப வைத்தியரான எம்மிடம் பிள்ளையின் இருமலுக்கு மருந்து எழுதி வாங்கிவிட்டு, கதவடியில் நின்று தாய்மார் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "டொக்டர், எங்கட லவ் பேர்ட்ஸ் ஒரு கிழமையாச் சோர்ந்து போயிருக்கு, ஏதும் மருந்து இருக்கா?" நாம் மிருக வைத்தியர் அல்ல. ஆனால் அதற்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் வருவது அநேகமாக ஒரே பதில்தான். கடையில் பையில் கிடைக்கும் தானியம், தண்ணீர். வேறொன்றும் இல்லை.

நம்மவர்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜி எனப்படும் சிறு கிளியைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. பட்ஜியின் தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் பரவியது. முப்பது, நாற்பது கிராம் எடை. நன்றாகப் பார்த்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வாழும். யான்புவில் கோடை வந்தால் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஃபிளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு பெரிய துணை. அது இரண்டு வருடத்தில் செத்துப்போனால் அந்தப் பிள்ளை படும் பாடு பெற்றோருக்குத் தெரியும்.

"காட்டிலும் அது விதைதானே தின்கிறது?" என்பது நியாயமான கேள்வி. ஆம், ஆனால் காட்டில் அது தின்பவற்றில் பால் பிடித்த பச்சைப் புல்விதையும் உண்டு. அதற்காக நாள் முழுக்கப் பறக்கிறது. கூட்டுப் பறவை காய்ந்த விதையைத் தின்றுவிட்டு ஒரே குச்சியில் உட்கார்ந்திருக்கிறது. பையில் உள்ளவை நமக்குப் புதியவை அல்ல. கொத்தாகத் தொங்கவிடும் கதிர் நம் தினைதான். உருண்டையான வெள்ளை விதை பனிவரகு. வள்ளி காத்த தினைப்புனத்துக்குக் கிளி வந்ததில் ஆச்சரியமில்லை. கிளிக்குத் தினை அவ்வளவு பிடிக்கும். பிடிப்பதுதான் தொல்லையும். வேறொன்றையும் தொடாது.

இது எமக்கு நன்றாக விளங்கும் விஷயம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் அகதியாய் அலைந்தவர்கள் நாம். நிவாரணமாக வந்தது உலர் உணவு: அரிசி, மா, பருப்பு, சீனி. வயிறு நிரம்பியது. வாயோரம் வெடித்தது, பிள்ளைகளுக்குப் புண் ஆறவில்லை. வேலியோரத்து முருங்கையும் பொன்னாங்காணியும் கிடைத்த வீடுகள் தப்பின. கூட்டுக்குள் இருக்கும் பட்ஜிக்கு வாழ்நாள் முழுக்க உலர் உணவுதான்.

காய்ந்த விதையில் விற்றமின் ஏ மிகக் குறைவு. கண், வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்தோலைக் காப்பது இந்த விற்றமின். இது குறைந்ததால்தான் நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்தது. இந்தியாவில் 1970இலேயே இதற்கெனத் தேசியத் திட்டம் தொடங்கினார்கள். பறவைக்கு இது குறைந்தால் வாய்க்குள் வெள்ளைப் புள்ளிகள், மூக்கில் சளி, அடிக்கடி தும்மல் என்று வரும். அயடின் குறைந்தால் கழுத்துக்குள் தைரொய்ட் வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சு விடும்போது கீச்சென்ற சத்தம் கேட்கும். கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையை அள்ளிக் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு படியும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூட்டில் செருகி விடலாம். சித்த வைத்தியத்தில் கடல் நுரை என்பது இதைத்தான்.

சிலர் பிள்ளையின் விற்றமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாற்பது கிராம் உயிருக்கு அளவு தப்பினால் விற்றமின் ஏயும் டியும் நஞ்சாகும். கரட்டிலும் கீரையிலும் இருப்பது கரோட்டின். உடல் அதைத் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்.

இங்கே கிடைப்பவற்றில் எது நல்லது?

முதலிடம் கீரைக்கும் மரக்கறிக்கும். மரக்கறிக் கடையில் கட்டுக் கட்டாக இருக்கும் ஜர்ஜீர், கொத்தமல்லி, கிடைத்தால் முருங்கை இலை. துருவிய கரட், அவித்து ஆறவைத்த வத்தாளைக் கிழங்கு, பூசணி, புரொக்கொலி, சிவப்புக் குடமிளகாய். பாலக், முளைக்கீரை போன்றவற்றில் உள்ள ஒக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், எப்போதாவது போதும். பச்சை மிளகாயையும் தாராளமாகக் கொடுக்கலாம்! பறவையின் நரம்புக்குக் காரம் எரிவதில்லை. ஊரில் வளர்ப்புக் கிளிக்கு மிளகாயும் கோவைப்பழமும் கொடுத்த பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது.

பழம் கொஞ்சமாக. விற்றமின் சி வேண்டுமே என்று தோடம்பழம் பிழிய வேண்டியதில்லை. பட்ஜி அதைத் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, மாம்பழம் ஒரு சிறு துண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள். யான்பு அல்-நக்ல் பேரீச்சம்பழம் நமக்கு அருமை, பறவைக்கு இனிப்பு மிகுதி.

பழக்குவது எப்படி?

இதில்தான் பலர் இரண்டு நாளில் கைவிடுகிறார்கள். "கொடுத்துப் பார்த்தோம், தின்னாது டொக்டர்." சின்ன வயதில் காணாத எதையும் பட்ஜி சாப்பாடு என்று நினைக்காது. புதிய நிறத்தைக் கண்டு பயந்து மூலைக்கு ஓடும். வாரங்கள் எடுக்கும், சில பறவைக்கு மாதங்கள்.

காலையில் தானியக் கிண்ணம் வைப்பதற்கு முன், பசி உள்ள நேரத்தில், கழுவிய கீரைக் கொத்தை ஈரத்தோடு கிளிப்பில் மாட்டி, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பட்ஜி ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்க விரும்பும். குளிக்க வந்தது இலையைக் கொறிக்கும். அதற்கும் மசியாவிட்டால் கரட்டை மிக நுணுக்கமாகத் துருவி, அதன்மேல் அது விரும்பும் தினையைத் தூவி வையுங்கள். தினையைப் பொறுக்கும்போது கரட்டும் அலகில் படும். பச்சைப்பயறு முளை நம் வீடுகளில் எப்போதும் இருப்பது. தினையையே முளைக்க வைத்தும் கொடுக்கலாம். விதைக்கும் கீரைக்கும் நடுவில் அது நல்ல பாலம். முளை புளித்த வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பலன் தருவது, கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நீங்களே தின்பது. பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. பக்கத்தில் இருப்பவர் தின்பதைப் பார்த்துத்தான் தானும் துணியும. ஒரு வீட்டில் கரட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் எட்டு வயதுப் பையனுக்கே இந்த வேலையைக் கொடுக்கச் சொன்னோம். பறவைக்குக் காட்டுவதற்காகத் தினமும் ஒரு துண்டு கடித்தான். மூன்றாவது வாரம் பறவை தின்றதா என்று தாயிடம் கேட்டோம். "அது இன்னும் யோசிக்குது டொக்டர், இவன் தின்கிறான்" என்றார்.

பட்டினி போட்டுப் பழக்குவது மட்டும் கூடவே கூடாது. ஒரு முழு நாள் சாப்பிடாமல் விட்டாலே இந்தச் சிறு உடல் ஆபத்துக்குள்ளாகும். காலையில் ஒரு மணி நேரம் கீரை, பிறகு வழக்கமான தானியம் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்: பட்ஜி உமியைக் கிண்ணத்துக்குள்ளேயே துப்பும். நிறைந்திருப்பது போலத் தெரியும், உள்ளே வெறும் உமி இருக்கும். சமையலறைத் தராசில் வாரம் இருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் புதிய பழக்கத்தை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எச்சம் சற்று நீர்த்துப்போவதும், பீட்ரூட் தின்ற நாளில் சிவப்பதும் இயல்பு. இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு வால் ஏறி இறங்கினாலோ அன்றே கொண்டு போங்கள்.

நம் வெயிலில் நறுக்கிய மரக்கறி சீக்கிரம் கெடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ. இலங்கையில் ஆனைக்கொய்யா, தமிழ்நாட்டில் வெண்ணெய்ப்பழம். இங்கே ஜூஸ் கடைதோறும் கிடைப்பதால் பிள்ளைகள் ஒரு துளி விரலில் தொட்டு நீட்டிவிடுகிறார்கள். அதிலுள்ள நஞ்சு இரண்டு நாளுக்குள் பட்ஜியைக் கொல்லக்கூடும். சொக்லேட், கோப்பி, வெங்காயம், உள்ளி, உப்பு மிக்சர், ஆப்பிள் விதை இவையும் வேண்டாம். உணவல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: தோசைக்கு வைத்த நொன்ஸ்டிக் கல் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கூட்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பறவையை நண்பரிடம் விட்டுச் செல்வோர் தானியப் பையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கீரை, எத்தனை மணிக்கு, எப்போது எடுப்பது, உமியை ஊதுவது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிலேயே ஒட்டுங்கள்.

பறவைக்கு வாயிலிருந்து வாய்க்கு ஊட்டுவதை நிறுத்துங்கள். எம் எச்சில் அதற்கு ஆகாது. கூடு துடைத்த பின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிளி வகைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சிற்றக்கோசிஸ் என்ற காய்ச்சல் உண்டு; 1929-30இல் அர்ஜென்டினாவிலிருந்து போன கிளிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இறந்தார்கள். இது அரிது, இன்று டொக்சிசைக்கிளின் மருந்தால் நன்றாகக் குணமாகும். ஆனால் சாதாரண ஃபுளூவைப் போலவே தலையிடி, காய்ச்சல், வறட்டு இருமல் என்று வரும். நீங்கள் சொன்னாலொழிய வைத்தியருக்கு இந்த யோசனை வராது. ஆகவே வீட்டில் யாருக்காவது இப்படிக் காய்ச்சல் விடாமல் இருந்தால், எந்த வைத்தியரிடம் போனாலும் "எங்கள் வீட்டில் பறவை இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.