உங்களுக்குத் தெரியுமா? கவலை அடைக்கும் தலை

தொண்டாமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு விலைக்குக் காத்திருப்பவரிடம் அந்த நாட்களில் வேறு எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறாது. ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வெட்டுக்கு முன், கையில் காசில்லாமல் பலரின் பொருள்கள் அடகில் இருந்த நேரத்தில் ஒருமுறை, ஆலைப் பணம் வந்தபின் இன்னொருமுறை, அதே ஆட்களுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். சராசரியாக 4.35 ஆக இருந்த சரியான விடைகள் 5.45 ஆயின. ஆள் அதேதான், படிப்பும் அதேதான். கடனை நினைத்தே பாதி மூளை ஓடிக்கொண்டிருந்தால் புதிய வழி தேட மிச்சம் என்ன இருக்கும்? விவசாயிக்கு யோசிக்கத் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

கவலை அடைக்கும் தலையைச் சாவகாசம் திறக்கும். கப்பல் பயணத்தில் கிடைத்த சாவகாசம் நம்மவர் இருவருக்குக் கைகொடுத்தது தெரியுமா? 1921-இல் மத்தியதரைக் கடலின் நீலம் சர் சி.வி. ராமனைக் கேள்வி கேட்க வைத்தது. 1928-இல் ராமன் விளைவு பிறந்தது. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் வெண்குறுமீன் என்னும் விண்மீன் வகையின் நிறை வரம்பைக் கணக்கிட்டார். சித்தப்பாவுக்கு 1930-இலும் இவருக்கு 1983-இலும் நோபல் பரிசு.

வரப்பில் நடக்கும்போது யோசனை வருகிறதா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான சோதனைகளில், உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. பாக்குத் தோப்பு நிழலில் நடக்கக் கொடுத்து வைத்தவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

கண்ணசரும் அந்த முதல் நொடிகள்கூட வீண்போவதில்லை. பாரிஸில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு கணக்குக்குள் ஒளிந்திருந்த குறுக்குவழியை விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். 15 நொடியாவது லேசாகக் கண்ணசந்தவர்களில் 83 சதவீதம். ஆழ்ந்து தூங்கியவர்களுக்கோ அந்தப் பலன் இல்லை.

யானைக் காவலுக்கு ராத்திரி முழுக்க முழித்தவர் மத்தியானம் சாளைத் திண்ணையில் சாய்ந்திருந்தால், மோட்டார் போட இப்போதே எழுப்பாதீர்கள்.