சண்டை போட்டுச் செதுக்கிய கலைக்களஞ்சியம்

போலந்து நாட்டின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது கிதான்ஸ்க் நகரம். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத் தாக்குதல்களில் ஒன்று 1939 செப்டம்பர் 1 அன்று இந்நகரின் துறைமுக முகப்பில் நடந்தது. 1980-இல் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் லேக் வலேசாவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து, கம்யூனிச ஆட்சியையே அசைத்த ‘சாலிடாரிட்டி’ இயக்கத்துக்கு வித்திட்டதும் இங்கேதான். ஆனால், ஜெர்மானியர்களுக்கு இந்நகரின் பெயர் டான்சிக். பல நூற்றாண்டுகள் இங்கே ஜெர்மன் பேசியவர்களே பெரும்பான்மையாக வாழ்ந்தார்கள். 1945-க்குப் பிறகு அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நகரம் போலந்தின் வசமானது.

2001-இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது இந்தப் பழைய பகையும் அதற்குள் நுழைந்தது. ஒருவர் ‘கிதான்ஸ்க்’ என்று எழுதுவார்; இன்னொருவர் வந்து ‘டான்சிக்’ என்று மாற்றுவார்; முதலாமவர் திரும்பி வந்து பழையபடி ஆக்குவார். அந்நகரில் பிறந்த யாரைப் பற்றிய கட்டுரையானாலும் இதே கதைதான். நீண்ட காலம் இழுத்த இந்தச் சண்டை 2005-இல் ஒரு வாக்கெடுப்பில் முடிந்தது. 1308-க்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுதினால் கிதான்ஸ்க். 1308 முதல் 1945 வரை டான்சிக். அதன் பிறகு மீண்டும் கிதான்ஸ்க். ஐயமின்றி ஜெர்மானியர் என்று அறியப்பட்டவரின் வாழ்க்கைக் குறிப்பில் முதலில் டான்சிக், அடைப்புக்குறிக்குள் கிதான்ஸ்க். போலந்துக்காரர் என்றால் வரிசை மாறும்.

‘டியூட்டானிக் வீரர்கள்’ எனப்பட்ட ஜெர்மானியப் படை அமைப்பினர் நகரைக் கைப்பற்றிய ஆண்டு 1308. அதாவது, வாக்கெடுப்பு எந்தத் தரப்புக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. கால வரிசையிடம் பொறுப்பை ஒப்படைத்தது. இன்று அந்தக் கட்டுரைகளைப் படிக்கும் பள்ளி மாணவருக்கு, எந்தக் காலத்தில் நகரம் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்பது சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. சண்டை நடக்காமல் இருந்திருந்தால், ஏதோ ஒரு பெயர் மட்டும் நிலைத்து, வரலாற்றின் பாதி மறைந்திருக்கும்.

அழிப்பவர் அல்ல சிக்கல்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கெடுக்கலாமே என்பதுதான் விக்கிப்பீடியாவைப் பற்றி முதலில் எழும் கேள்வி. இதற்கான விடை 2004-லேயே கிடைத்துவிட்டது. ஐ.பி.எம். ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் ஆகியோர் கட்டுரைகளின் திருத்த வரலாற்றை வண்ணப் படங்களாக வரைந்து பார்த்தார்கள். ஒரு பக்கத்தை யாராவது மொத்தமாக அழித்துவிட்டால், அது மீண்டும் சரிசெய்யப்பட ஆன இடைநிலை நேரம் வெறும் 2.8 நிமிடங்கள். ஒவ்வொரு திருத்தமும் ‘வரலாறு’ பக்கத்தில் சேமிக்கப்படுவதால், பழைய வடிவத்தை ஒரு சொடுக்கில் மீட்டுவிட முடியும். கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிட மீட்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு.

உண்மையான சிக்கல் வேறு. விஷயம் தெரிந்த இருவர், இருவரும் நேர்மையானவர்கள், இருவர் கையிலும் நூல்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஏற்கவில்லை. அப்போது என்ன செய்வது?

இதற்காக விக்கிப்பீடியர்கள் படிப்படியாக ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். முதல் படி, ஒவ்வொரு கட்டுரையோடும் இணைந்திருக்கும் பேச்சுப் பக்கம். அங்கே ‘நான் சொல்கிறேன்’ என்பது செல்லாது. ‘இந்த நூலின் இந்தப் பக்கம் சொல்கிறது’ என்பதே செல்லும். இரண்டாவது, மூன்று மீளமைப்பு விதி. 2004-இல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்கினால் அவர் தடைசெய்யப்படலாம். அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பது இங்கே கணக்கில் வராது. கையை நிறுத்தி வாயைத் திறக்க வைப்பதே இதன் நோக்கம்.

அப்படியும் தீராவிட்டால் தொடர்பில்லாத மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்கலாம். அடுத்து, எல்லாப் பயனர்களையும் அழைத்துக் கருத்து கேட்கும் முறை உண்டு. பல வாரங்கள் நடக்கும் அந்த உரையாடலின் முடிவில், அதில் பங்கேற்காத ஒருவர் எல்லாவற்றையும் படித்துத் தீர்ப்பு எழுதுவார். தலைகளை எண்ணுவது அவர் வேலை அல்ல. வாதங்களின் வலுவையும் சான்றுகளின் தரத்தையும் எடைபோட வேண்டும். கடைசியில் இருப்பது, பயனர்கள் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு. இக்குழு பயனர்களின் நடத்தையை மட்டுமே விசாரிக்கும். கட்டுரையில் எது சரி, எது தவறு என்று சொல்லாது. ‘ஜெருசலேம்’ கட்டுரையின் முதல் வரியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சண்டை நீடித்தபோதுகூட, அந்த வரியை நடுவர் குழு எழுதித் தரவில்லை. எல்லோரையும் கட்டுப்படுத்தும் பொது விவாதம் ஒன்றை நடத்துமாறு உத்தரவிட்டது. 2013-இல் அந்த விவாதமே முடிவைத் தந்தது.

சண்டையை அளக்கும் அளவுகோல்

இந்தச் சண்டைகள் அனைத்தும் நிமிட விவரத்தோடு பதிவாகியிருப்பதால், மனிதர்கள் எப்படி முரண்படுகிறார்கள், எப்படி இணங்குகிறார்கள் என்று ஆராய்பவர்களுக்கு விக்கிப்பீடியா அரிய ஆய்வுக்கூடமாகிவிட்டது. புடாபெஸ்ட்டில் இயற்பியலாளர்கள் தாகா யாசெரி, யானோஸ் கெர்தேஸ் உள்ளிட்ட குழுவினர் சண்டையை அளக்க ஒரு சூத்திரத்தை வகுத்தார்கள்.

ஒருவர் திருத்தத்தை மற்றவர் மாறி மாறி நீக்கிக்கொண்ட இணைகளை முதலில் கண்டறிகிறார்கள். பிறகு, அந்த இருவரில் அக்கட்டுரையில் குறைவாகத் திருத்தியவரின் திருத்த எண்ணிக்கையை அந்த மோதலின் எடையாக வைக்கிறார்கள். குறும்புக்காக வந்து கிறுக்கிவிட்டுப் போனவருக்கும் அனுபவசாலிக்கும் இடையிலான மோதல் இதனால் மிகச் சிறிய எண்ணாகச் சுருங்கிவிடும். இருவருமே நூற்றுக்கணக்கில் திருத்தியவர்கள் என்றால் எண் பெரிதாகும். எல்லா இணைகளின் எடையையும் கூட்டும்போது, மிகக் கடுமையாக மோதிய ஓர் இணையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இருவருக்குள் மட்டும் நடக்கும் சொந்தப் பகை, கட்டுரையின் சர்ச்சையாகக் கணக்கில் வந்துவிடக் கூடாது அல்லவா?

இந்த அளவுகோலை 10 மொழிகளில் பொருத்திப் பார்த்தபோது, மொழிக்கு மொழி சண்டை மாறியது. அதிகம் சர்ச்சைக்குள்ளான கட்டுரை ஆங்கிலத்தில் ஜார்ஜ் புஷ், ஜெர்மனில் குரோவாசியா, பிரெஞ்சில் அரசியல்வாதி செகோலென் ருவாயால், ஸ்பானிய மொழியில் சிலி நாடு. ருமேனிய மொழியில் முதலிடம் பிடித்ததோ ஒரு கால்பந்துக் கழகம். இவற்றுக்கிடையே சில தலைப்புகள் பல மொழிகளிலும் பொதுவாக இருந்தன: இசுரேல், இட்லர், யூத இனப் படுகொலை, கடவுள். இதே குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வின் இன்னொரு முடிவும் முக்கியமானது. பெரும் போர்க்களமாகத் தோன்றும் பக்கங்களில்கூட உண்மையில் மோதுபவர்கள் மிகச் சிலரே.

எதிர்த்தரப்பு இல்லாமல் நடுநிலை இல்லை

அப்படியானால் அந்தச் சிலரை வெளியேற்றிவிட்டால் அமைதி திரும்பிவிடுமா? இதே ஆய்வாளர்களில் சிலர் கணினி மாதிரி ஒன்றின் வழியாக இக்கேள்வியை ஆராய்ந்தார்கள். மாதிரியில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. கட்டுரை தன் கருத்திலிருந்து மிகவும் விலகியிருந்தால் அவர் அதைத் திருத்துவார். ஓரளவு ஏற்கத்தக்கதாக இருந்தால் தன் கருத்தைக் கட்டுரையை நோக்கிக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். 2013-இல் வெளியான முடிவு இது: பங்கேற்பாளர்கள் மாறாமல் இருந்தால், எவ்வளவு காலம் ஆனாலும் இறுதியில் இணக்கம் வந்துவிடுகிறது. பழையவர்கள் விலகிப் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தால், தீர்ந்த சண்டை திரும்பத் திரும்ப எழுகிறது.

2017-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தீவிரக் கருத்துடையவர்கள் உரையாடலில் பங்கேற்று, அவர்கள் பார்வை தற்காலிகமாகவேனும் கட்டுரையில் இடம்பெற்றால்தான் இணக்கம் சாத்தியம். அவர்களைத் தடைசெய்வது பெரும்பாலும் இணக்கத்தைத் தள்ளிப்போடவே செய்கிறது என்கிறது அது. தனிமனிதரை இழிவுபடுத்துபவரையும் மிரட்டுபவரையும் விலக்கித்தான் ஆக வேண்டும். மாறுபட்ட கருத்துக்காக ஒருவரை விலக்குவது வேறு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எவன்ஸ் குழுவினர் 2019-இல் ‘நேச்சர் ஹியூமன் பிகேவியர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. பழமைவாதத் தலைப்புகளில் அதிகம் எழுதுபவர் யார், முற்போக்குத் தலைப்புகளில் அதிகம் எழுதுபவர் யார் என்று பிரித்துக்கொண்டு, எந்த வகைக் குழு நல்ல கட்டுரையை உருவாக்குகிறது என்று பார்த்தார்கள். ஒரே கருத்துடையவர்கள் கூடி எழுதியவற்றைவிட, இரு முகாமினரும் சமநிலையில் கலந்து எழுதிய கட்டுரைகளே தரத்தில் உயர்ந்திருந்தன. அரசியல் கட்டுரைகளில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. அறிவியல் கட்டுரைகளில்கூடக் காணப்பட்டது. எதிரில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்பார் என்று தெரிந்தால், யாரும் சான்றைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

இதன் மறுபக்கத்தைக் குரோவாசிய மொழி விக்கிப்பீடியா காட்டியது. ஏறத்தாழ பத்தாண்டுகள் அது ஒரு சிறு குழுவின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் தடைசெய்யப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு கைகோத்து ஆண்ட உஸ்தாசாக்களின் கொடுமைகளும், பல்லாயிரக்கணக்கான செர்பியர்களும் யூதர்களும் ரோமா மக்களும் கொல்லப்பட்ட யாசெனோவாச் வதைமுகாமின் வரலாறும் மென்மையாக்கி எழுதப்பட்டன. 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே, இதை நம்ப வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் நிலை வந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் வெளியிட்ட அறிக்கை, திட்டமிட்டே உள்ளடக்கம் திரிக்கப்பட்டதை உறுதிப்படுத்தியது. மாற்றுக் குரல்கள் அடக்கப்பட்டதால் அந்தப் பக்கங்களில் அமைதி நிலவியது. பொய்க்குக் காவலாக நின்றது அந்த அமைதிதான்.

போரின் நடுவே ஓர் உடன்பாடு

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. இலங்கையில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைப் பக்கங்களும் போர்க்களமாயின. அந்த நேரத்தில் தமிழரும் சிங்களவரும் பிறரும் சேர்ந்து ‘இலங்கை நல்லிணக்கம்’ என்ற விக்கித் திட்டத்தைத் தொடங்கினார்கள். எந்தச் செய்தி ஊடகம் எவ்வளவு நம்பத்தக்கது என்று கூடிப் பேசிப் பட்டியலிட்டார்கள். போரிடும் தரப்புகளைச் சார்ந்த ஊடகங்களை முற்றிலும் ஒதுக்கவில்லை. ‘இன்னார் கூறுகின்றனர்’ என்று வெளிப்படையாகக் குறித்துப் பயன்படுத்தலாம் என்று வகுத்தார்கள். மற்ற பக்கங்களில் மூன்று முறை மீளமைக்கலாம் என்றிருக்க, இந்தப் பக்கங்களில் ஒரே முறைதான் என்று தங்களுக்குத் தாங்களே கடிவாளம் இட்டுக்கொண்டார்கள். இதனால் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால், களத்தில் பேச்சுவார்த்தை முறிந்திருந்த காலத்தில், இரு தரப்பு மக்களும் ஒரே பக்கத்தில் அமர்ந்து வரி வரியாகப் பேச முடிந்தது. இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் தனக்கே உரிய விவாதங்கள் உண்டு. கிரந்த எழுத்துகளை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது? தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபடும்போது எதைத் தலைப்பாக வைப்பது? பொதுவான விவாதங்கள் நடக்கும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்ற வடிவத்தைத் தேடுபவரும் அதே கட்டுரைக்கு வந்துசேரும்படி வழிமாற்று அமைப்பது, இரண்டு வழக்குகளையும் முதல் வரியிலேயே குறிப்பிடுவது போன்ற எளிய வழிகள் பல பூசல்களை ஆற்றியிருக்கின்றன.

நம் வேலை என்ன?

இந்த ஏற்பாடு முழுமையானது அல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏழு ஆண்டுகளில் நடந்த 7,316 பொதுக் கருத்துக்கேட்புகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீர்க்கப்படாமலே கிடந்தது. கேள்வி தெளிவாக எழுதப்படாதது, வாக்குவாதம் நீண்டுபோனது, முடிவுரைக்கப் பொறுமையுள்ள அனுபவசாலி முன்வராதது ஆகியவை காரணங்கள். வழிமுறைகள் எத்தனை இருந்தாலும், உட்கார்ந்து முழுவதையும் படித்து நியாயம் சொல்ல மனிதர் வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றைப் படிப்பவர்களோடு ஒப்பிட்டால் எழுதுபவர்கள் மிகச் சிலரே. தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அங்கிருந்தே தகவல்களை எடுத்துக்கொள்கின்றன. அங்கே நிலைத்துவிடும் ஒரு பிழை ஆயிரம் இடங்களில் உண்மையாகத் திரும்பி ஒலிக்கும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரைப் பற்றியோ உங்கள் துறையைப் பற்றியோ விக்கிப்பீடியாவில் தவறான வரியைக் கண்டால், அதைப் படமெடுத்துப் பகிர்ந்து அங்கலாய்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேச்சுப் பக்கத்தைத் திறந்து, எது தவறு, ஏன் தவறு, அதற்குச் சான்று எது என்று எழுதுங்கள். மறுப்பவர் வந்தால் அவரோடு வாதிடுங்கள். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் மொழியின் கலைக்களஞ்சியம் நம்பகமானதாக இருக்க வேண்டுமென்றால், சான்றோடு சண்டை போடுபவர்கள் அதற்கு இன்னும் நிறையப் பேர் தேவை.