தொலைபேசியில் சொல்லும் அந்த மூன்று இலக்கங்கள்

மடுத் திருவிழா ஆகஸ்ட் 15இல்தான். ஆனால் மன்னார் வியாபாரிகளாகிய எங்களுக்கு அது ஜூலையிலேயே தொடங்கிவிடும். லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று வாழும் எமது ஊர்ச் சனங்கள் விமானம் ஏறுமுன்பே தொலைபேசி எடுத்து, மடுவுக்குப் போக வேன், அங்கே தங்கிச் சமைக்க அரிசி சாமான், திரும்பும்போது கொண்டுபோகக் கருவாடு என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுவார்கள். "நானா, முற்பணத்துக்கு காட் நம்பர் சொல்லட்டா?" என்பார்கள். நாமும் "சொல்லுங்கோ தங்கச்சி" என்று பேனையைத் தேடுவோம்.

வில்லங்கம் அந்தப் பேனையில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் கணக்காளராக வேலை செய்யும் என் மருமகன் கடைக்கு வந்திருந்தபோது, சும்மா இருக்காமல் எனது ஓடர்க் கொப்பியைப் புரட்டினார். "மாமா, இதில முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களுடைய காட் இருக்கு. நம்பர், முடியும் திகதி, பின்னால உள்ள மூன்று இலக்கம் எல்லாம் இருக்கு. இது யார் யார் கையில போகுது?" என்று கேட்டார். நான் காசு லாச்சியைப் பூட்டி சாவியை இடுப்பில் வைத்திருப்பவன். கொப்பியோ மேசையோரம் நூலில் தொங்கும். உதவிப் பையனும் தொடுவான், வேன்காரரும் தொடுவார், சில்லறை மாற்ற வருபவரும் தொடுவார்.

அதே வருடம் லண்டனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பேசினார். அவருடைய அட்டையில் யாரோ பொருட்கள் வாங்கியிருந்தார்கள். அவர் என்மீது பழி சொல்லவில்லை. ஆனால் எங்கள் கொப்பியிலிருந்து போகவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. பிறர் ஒப்படைத்த அமானிதத்தைத் திறந்த மேசையில் வைத்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

அந்த மூன்று இலக்கங்கள் ஏன் இருக்கின்றன என்பதை அன்றுதான் மருமகன் விளக்கினார். அட்டையின் முன்புற இலக்கம் பல இடங்களில் பதிவாகிவிடும். பின்புறம் அச்சிட்ட மூன்று இலக்கங்கள் அட்டையின் காந்தப் பட்டையில் கூட இல்லை. (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் நான்கு, அதுவும் முன்புறத்தில்.) ஆகவே அதைச் சொல்பவர் கையில் அட்டை இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அதை எழுதி வைத்தால் சாட்சியே செத்துப்போகும். விசா, மாஸ்டர்காட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2004இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளின்படி, வங்கி பணத்துக்கு அனுமதி கொடுத்த பிறகு அந்த இலக்கங்களை எந்த வியாபாரியும் வைத்திருக்கக் கூடாது. பூட்டி வைத்தாலும் சரி, மறைகுறியாக எழுதினாலும் சரி, கூடாது. தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்பவர்களுக்கும் இதுவே விதி.

அப்படியென்றால் தொலைபேசி ஓடரை விட்டுவிடுவதா? தேவையில்லை. இலக்கத்தைக் கையால் அழுத்தி எடுப்பதற்கு உங்கள் இயந்திரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். எல்லா இயந்திரத்துக்கும் அது இல்லை. இருந்தால், வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல நேரே இயந்திரத்தில் அழுத்துங்கள், இடையில் பேனை வேண்டாம். எங்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு: லைன் சரியில்லை என்று கடை முழுக்கக் கேட்க "நாலு, அஞ்சு, மூணு" என்று திருப்பிச் சத்தம் போடுவது. கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும். அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது கொப்பியைவிட மோசம், அந்தப் படம் எத்தனை தொலைபேசியில் கிடக்கும் என்று யாருக்கும் கணக்கிருக்காது. வங்கி தரும் கட்டண இணைப்பை அனுப்பி, வாடிக்கையாளரே தன் கையால் இலக்கத்தைப் பதியச் செய்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

கடலுக்கு அக்கரையில் இதை முன்பே கட்டுப்படுத்திவிட்டார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2009இல் இணையக் கொள்வனவுக்கும், 2011இல் தொலைபேசியின் தானியங்கிக் குரல் வழிக் கொடுப்பனவுக்கும் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. உடனே மோசடிக்காரர்கள் அந்த இரண்டாவது இலக்கத்தையே கேட்கத் தொடங்கினார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா என்ற சிறிய ஊர், வங்கி அதிகாரிபோலப் பேசி ஓ.டி.பி. வாங்குவதில் இந்தியா முழுவதும் பெயரெடுத்தது. ஓ.டி.பி.யையும் பின் இலக்கத்தையும் எந்த வியாபாரியும் தொலைபேசியில் கேட்கத் தேவையில்லை. எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. உங்களை அழைத்துக் கேட்டால் வைத்துவிட்டு, அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.

பிரித்தானிய அட்டையில் தொலைபேசி ஓடருக்கு அந்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமில்லை. எங்களுக்கு வசதிதான், ஆனால் ஆபத்தும் எங்களுக்கே. அட்டைக்காரர் "நான் வாங்கவில்லை" என்று முறையிட்டால், பணம் பெரும்பாலும் வியாபாரியின் கணக்கிலிருந்துதான் திரும்பிப் போகும். முறையிடப் பொதுவாக 120 நாட்கள் வரை உண்டு. ஓகஸ்ட் திருவிழாவுக்கு எடுத்த பணம், வேன்காரருக்குக் கொடுத்து முடித்த பிறகு டிசம்பரில் திரும்பிப் போகலாம். அறிமுகமில்லாத ஒருவர் பில்லைவிடக் கூடுதலாக அட்டையில் எடுக்கச் சொல்லி, "மிச்சத்தை சாரதியிடம் காசாகக் கொடுங்கள்" என்றால், அந்த ஓடரே வேண்டாம்.

பழைய கொப்பியைக் கடைக்குப் பின்னால் வைத்து எரித்தோம். வேன் கணக்கு எழுதிய இரண்டு பக்கங்களும் அதோடு போய்விட்டன. அதில் இரண்டாயிரம் ரூபா பாக்கி இருந்ததாக ஒரு வேன்காரர் இன்றும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.