இதர வருமானம்

கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன நம் பாட்டி, ஒரு கடலைக் கடந்தவன் மறுபடியும் இன்னொரு கடலைக் கடந்து, முன்னைவிடக் குறைந்த பொருளுக்கு உத்தியோகம் பார்க்கப் போகலாமா என்பதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொறுப்பைப் பத்திரிகை ஆசிரியர் என் தலையில் கட்டினார். வருமான வரி என்பது இன்னதென்றே அறியாமல் வளைகுடாவில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் சுகமாக இருந்துவிட்டவர்கள், சம்பளத்தில் பத்துக்கு மூன்று பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும் ஜெர்மனிக்குப் பெண்டு பிள்ளைகளோடு மூட்டை கட்டுகிறார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். இந்த விஷயம் எடுபடும் என்பது அவருடைய அபிப்பிராயம். எடுபடுமோ படாதோ, அதே சமயத்தில் எனக்கு ஷார்ஜாவில் பத்து நாள் விருந்தாளியாக இருக்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. போன வீட்டிலேயே இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தது.

என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் வீடு அது. அல் நஹ்தா என்னும் பேட்டையில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக்காரர் என்ன சமையல் என்று தெரிந்துவிடும் நெருக்கத்தில், எட்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை. மாப்பிள்ளை துபாயில் ஒரு கம்பெனியில் பைப்பிங் இன்ஜினீயர். இத்திஹாத் சாலையின் நெரிசலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கே காரை எடுத்துவிடுவார். மருமகள், நம் நாட்டுப் பாடத்திட்டம் நடக்கும் ஒரு பள்ளியில் ஒன்பது வருஷமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். மாதச் சம்பளம் அவருக்கு 19,000 திர்ஹம், அவளுக்கு 4,500. இந்த நிலையில் டுசெல்டார்ஃப் நகருக்குப் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு 64,000 யூரோ சம்பளத்தில் ஓர் ஆஃபர் லெட்டர் வந்து, மூன்று வாரத்தில் பதில் கேட்டு நின்றது.

மாப்பிள்ளை ஒழுங்கானவர். எதையும் எக்செல் தாளில் போட்டுப் பார்க்காமல் செய்யமாட்டார். இடப்பக்கம் ஷார்ஜா, வலப்பக்கம் டுசெல்டார்ஃப் என்று இரண்டு பத்தி பிரித்து, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவ இன்ஷூரன்ஸ், ஊருக்குப் போய்வரும் டிக்கெட் என்று இருபத்தேழு வரிகள் எழுதி, அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முதல் வரியில் 'சம்பளம்' என்று தம்முடையதைப் போட்டிருந்தார். இருபத்தாறாவது வரி, பழைய பேப்பர் விற்ற காசுபோல அடியில் ஒதுங்கி நின்ற 'இதர வருமானம்'. அதற்கு நேரே ஷார்ஜாப் பத்தியில் 4,500. டுசெல்டார்ஃப் பத்தியில் ஒரு சிறு கோடு.

ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமையும் பள்ளி விடுமுறை. துபாய்க்காரருக்கு அன்று அரை நாள் ஆபீஸ் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை காலை வீட்டில் அவளும் நானும் பிள்ளைகளும்தான். கீழேயிருந்து வரவழைத்த கரக் சாயா ஒரு பக்கம் ஆற, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள், கையிலிருந்த சிவப்புப் பேனாவோடு அந்த எக்செல் தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோடு போட்டால் பூஜ்யம்னு அர்த்தம் இல்லை, மாமா. இந்தக் கேள்விக்கு விடை எழுதலைன்னு அர்த்தம். என் பிள்ளைங்க இப்படி எழுதினா அரை மார்க் குறைப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. பிழை கண்ட இடத்தில் வட்டம் போடுவது அவளுடைய தொழில், அவ்வளவுதான்.

பிறகு அவளே எனக்குக் கணக்கை நடத்திக் காட்டினாள். 64,000 யூரோ என்பது மாதம் 5,300 சொச்சம். வரி, ஓய்வூதியச் சந்தா, மருத்துவச் சந்தா எல்லாம் போக, மணமாகி ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்குரிய மூன்றாம் வரிப் பிரிவில் கைக்கு வருவது ஏறக்குறைய 3,700. குழந்தை ஒன்றுக்கு மாதம் 255 யூரோ வீதம் (2025ஆம் வருஷத்து விகிதம்) சர்க்கார் தரும் உபகாரப் பணம் இரண்டு பிள்ளைகளுக்கும் 510. ஆக 4,210. யூரோவுக்கு நான்கேகால் திர்ஹம் வைத்துப் பெருக்கினால் 17,900க்குச் சற்றுக் குறைவு. 'சம்பளம் குறைகிறது, சம்பளம் குறைகிறது' என்று இத்தனை நாளாக அந்த வீட்டில் எல்லோரும் தூக்கமின்றிப் புரண்டார்களே, அந்த மகத்தான வீழ்ச்சி மாப்பிள்ளையின் பங்கில் மாதம் 1,100 திர்ஹம்தான்! அவள் பங்கில் விழுவது 4,500. மொத்த நஷ்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு, இருபத்தாறாவது வரியில், ஒரு கோட்டுக்குள் இருந்தது.

வாடகை அங்கே கூட, பள்ளிக்கூடச் செலவு அங்கே இல்லை. மற்ற வரிகளும் இப்படி ஒன்றையொன்று ஏறக்குறையத் தின்றுவிடுவதால் அவற்றை இங்கே நான் எடுத்தோதவில்லை.

மாப்பிள்ளை தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. உத்தியோகம் போனால் விசாவும் போகும் பூமியில் எத்தனை வருஷம் இருந்தாலும் பிரஜையாவதற்குச் சாதாரணமாக வழி கிடையாது; ஜெர்மனியிலோ 2024 ஜூன் முதல் ஐந்து வருஷ வாசத்திலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் ஏறக்குறையக் கட்டணமே இல்லை. "ஒரே குடும்பம்தானே மாமா, யார் பேர்ல வந்தா என்ன?" என்றார். டுசெல்டார்ஃபிலேயே இருக்கும் அவருடைய சிநேகிதரின் மனைவியும் மூன்று வருஷம் பாஷை படித்து இப்போது ஓர் ஆபீசில் இருப்பதாகத் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னாள். இருக்கட்டும்.

எனக்கு மனசில் உறுத்திய விஷயம் வேறு. சட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை: புளூ கார்டு என்னும் வேலை அனுமதி பெற்றவனின் மனைவி ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமலே கூடப் போகலாம், போய் இறங்கிய பின் எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். ஆனால் பள்ளிக்கூட உபாத்தியாயர் உத்தியோகம் அங்கே சர்க்காரின் அங்கீகாரம் வேண்டிய உத்தியோகங்களில் ஒன்று. பதினாறு மாநிலங்களும் தனித்தனியே விதி வைத்திருக்கின்றன. அந்த ஊர் உபாத்தியாயர் பொதுவாக இரண்டு பாடங்களில் பயிற்சி பெற்றவராக இருப்பார். நம்மவளுக்குத் திருச்சியில் வாங்கிய பி.எஸ்ஸி. கணிதம், அதன்மேல் ஒரு பி.எட்.; ஆக ஒரே பாடம். இரண்டாவது பாடத்துக்கு மறுபடியும் சர்வகலாசாலை வாசற்படி ஏறச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. அதற்கு முன்னால் பாஷை. புதிதாக வந்தவர்களுக்கென்று சர்க்கார் நடத்தும் வகுப்பே 700 பாட வேளை. அது முடிந்தால் கடைத்தெருவிலும் ஆபீஸ் ஜன்னலிலும் சமாளிக்கலாம். வகுப்பறைக்கு அதற்குமேல் இரண்டு மூன்று படிகள் ஏறவேண்டும். பயனிலை வாக்கியத்தின் கடைசிக்குப் போய் உட்காரும் விஷயத்தில் ஜெர்மன் சில சமயம் நம் தமிழுக்குத் தூரத்து உறவு என்று தோன்றும். இந்த ஆறுதலை நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"தேற்றத்தை நிரூபிக்க எனக்குப் பாஷை வேண்டாம், மாமா. போர்டுல எழுதிக் காட்டிடுவேன். பின் பெஞ்சுப் பையன் ஏன் இன்னைக்கு நோட்டையே திறக்கலைன்னு கேட்கத்தான் பாஷை வேணும்" என்றாள்.

இன்னொரு சூட்சுமம் அந்த வரிப் பிரிவிலேயே ஒளிந்திருக்கிறது. கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி இரண்டாகப் பகுத்து வரி விதிக்கும் முறை மேற்கு ஜெர்மனியில் 1958இல் வந்தது. ஒருவர் நிறையவும் மற்றவர் சொற்பமாகவோ சூன்யமாகவோ சம்பாதிக்கும் வீட்டுக்கு அதனால் லாபம் அதிகம். மாப்பிள்ளை மூன்றாம் பிரிவில் இருந்தால் அவள் ஐந்தாம் பிரிவில் இருக்கவேண்டும். ஐந்தாம் பிரிவில் ஒரு சிறு வேலைக்குப் போனால் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கனமாக விழும். 'இதற்காகவா காலையில் எழுந்து ஓடுகிறேன்' என்று அவளுக்கே தோன்றிவிடும். இருவரும் நான்காம் பிரிவை எடுத்துக்கொள்ளலாம் என்பது வாஸ்தவந்தான்; எடுத்துக்கொண்டால் அந்த 3,700 இருக்காது. அவர் கையில் வரும் தொகைக்குள்ளேயே அவள் வீட்டில் இருப்பதன் கிரயமும் சேர்ந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைகளுக்குக் குந்தகமில்லாத அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்று சிவில் சட்டத்தில் எழுதியிருந்தது. சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பும் பள்ளிக்கூட வழக்கம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளை நாள் முழுதும் பள்ளியில் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் உரிமையோடு கேட்கலாம் என்பது 2026 ஆகஸ்டில், அதுவும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத்தான், ஆரம்பமாகிறது. ஐரோப்பா என்றால் எல்லாம் நமக்கு நூறு வருஷம் முன்னால் நடக்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

ஓய்வூதிய விஷயம் இதைவிடக் கசப்பு. அங்கே முதுமையில் பணம் வேண்டுமானால் குறைந்தது ஐந்து வருஷம் சந்தா கட்டியிருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு இப்போது நாற்பத்தொன்று. அறுபத்தேழு வரை கட்டினால் தம் பெயரில் கௌரவமான ஒரு தொகை வரும். முப்பத்தெட்டு வயதில் போய் இறங்கி, பாஷைக்கு மூன்று வருஷம், அங்கீகாரத்துக்கு இரண்டு வருஷம் என்று அலைந்தால் அவள் கணக்கு நாற்பத்து மூன்றில்தான் ஆரம்பமாகும். ஷார்ஜாவில் ஓய்வூதியம் இல்லை, கிராஜுவிட்டி உண்டு: முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதற்கு மேல் 30 நாள் வீதம் அடிப்படைச் சம்பளம். ஒன்பது வருஷத்துக்கு 225 நாள். அவளுடைய அடிப்படைச் சம்பளம் 2,500. ஏழரை மாதச் சம்பளம், 18,750 திர்ஹம். பெருக்கலை மனசுக்குள்ளேயே முடித்துவிட்டு, "டுசெல்டார்ஃப்ல மூணு மாச வாடகையை அட்வான்ஸா கேட்பாங்களாம். இது அங்கேயே போயிடும்" என்றாள். அந்தத் தாளில் எங்கே தேடினாலும் இந்த வரி இல்லை.

சனிக்கிழமை இரவு திருச்சியிலிருந்து சம்பந்தியம்மாள் வீடியோவில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்டாட்டி சம்பளத்தை நம்பியா என் பிள்ளை குடும்பம் நடத்துறான்?" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வழங்கினார். ஒன்பது வருஷமாக அந்த வீட்டு வாடகைக் காசோலைகளில் ஒன்றுவிட்டு ஒன்று யாருடைய சம்பளத்தில் பாஸாயிற்று என்று சொல்ல அவள் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைதான் தொண்டையைக் கனைத்து, "அப்படிச் சொல்லாதம்மா" என்றார். பேச்சை மாற்ற வேண்டி, நூறு கிலோமீட்டர் தூரத்தில் ஹாம் என்னும் ஊரில் ஈழத்துத் தமிழர்கள் கட்டிய காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது, கோபுரமே வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வர்ணித்தார். சம்பந்தியம்மாளுக்குப் பரம சந்தோஷம். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தபடி, "கோயிலுக்கு வருஷத்துக்கு நாலு தடவை போவோம். கிளாஸுக்குத் தினம் போறேன்" என்று, யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னாள்.

நான் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு மாப்பிள்ளைதான் காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது, பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்தத் தாள்ல ரெண்டு வரி மாத்தியிருக்கேன் மாமா, வாட்ஸாப்ல பாருங்க" என்றார். விமானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'சம்பளம்' என்ற முதல் வரி இரண்டாகப் பிரிந்து, இருவர் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறியிருந்தன. டுசெல்டார்ஃப் பத்தி ஐந்து வருஷங்களாக விரிந்திருந்தது. அவள் பெயருக்கு நேரே முதல் மூன்று வருஷத்துக்கும் பூஜ்யம். நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒன்றும் எழுதாமல், கட்டத்துக்கு மட்டும் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார். அடியில் மொத்தம் வரவேண்டிய இடத்தில் எக்செல் ஏதோ பிழை என்று காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரக் கெடு சென்ற செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. அவர்கள் என்ன பதில் அனுப்பினார்கள் என்பதைக் கடைசிப் பாராவில் கட்டாயம் எழுதவேண்டும் என்று ஆசிரியர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் இன்னும் கேட்கவில்லை. நேற்று அவளே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் பாஸ் என்றும், தவறிய இருவருக்கும் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டிலேயே தனிவகுப்பு வைத்திருப்பதாகவும் அதில் இருந்தது.