தொடங்கியவரே முடித்து வைக்க வேண்டும்

1959-இல் வணிகக் கணக்குகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட மொழி கோபோல். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது சி. பழைய கோபோல் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சி நிரலிலிருந்து அழைப்பது இன்றும் நடைமுறையில் உள்ள வழி. அழைப்பது எளிது, முடித்து வைப்பதில்தான் கவனம் தேவை.

கோபோல் நிரல் தனியாக இயங்குவதில்லை. கோப்புகளைத் திறக்கவும், பதிவுகளைப் பூட்டவும், தசம எண்களைக் கணக்கிடவும் அதற்கு ஓர் இயக்கச் சூழல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் க்னூகோபோலில் 'லிப்காப்' என்ற நூலகம் அந்த வேலையைச் செய்கிறது. முதன்மை நிரல் கோபோலாக இருந்தால் சூழலைத் தொடங்குவதையும் முடிப்பதையும் தொகுப்பியே பார்த்துக்கொள்ளும். முதன்மை நிரல் சி என்றால் அந்தப் பொறுப்பு நம்முடையது. 'காப்_இனிட்' என்று அழைத்துச் சூழலைத் தொடங்க வேண்டும்.

முடிக்க இரண்டு வழிகள் உண்டு. 'காப்_டைடி' திறந்திருக்கும் கோப்புகளை மூடி, பிடித்து வைத்த நினைவகத்தை விடுவித்து, கட்டுப்பாட்டைச் சி நிரலிடமே திருப்பித் தருகிறது. 'காப்_ஸ்டாப்_ரன்' அதே துப்புரவைச் செய்துவிட்டு, மொத்த நிரலையும் நிறுத்திவிடுகிறது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். சி நிரலின் கடைசி வரியில் 'வேலை முடிந்தது' என்று திரையில் அச்சிடச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வரி 'காப்_டைடி' என்றால் அந்த வாசகம் தெரியும். 'காப்_ஸ்டாப்_ரன்' என்றால் தெரியாது.

கோபோல் பக்கத்திலும் இதே கண்ணி இருக்கிறது. அழைக்கப்பட்ட நிரல் 'ஸ்டாப் ரன்' என்று முடிந்தால், அழைத்த சி நிரலும் சேர்ந்தே நின்றுவிடும். 'கோபேக்' என்று முடிந்தால் அழைத்த இடத்துக்கே திரும்பும். அழைக்கப்படும் நிரலுக்கு 'கோபேக்'தான் சரி.

இன்னொன்று: ஒவ்வோர் அழைப்புக்கும் சூழலைத் தொடங்கி முடிக்கக் கூடாது. கோபோலின் 'வொர்க்கிங் ஸ்டோரேஜ்' பகுதியில் உள்ள மதிப்புகள், சூழலை முடிக்காத வரை, ஓர் அழைப்பிலிருந்து அடுத்ததற்கு நிலைத்திருக்கும். அங்கே வைத்த எண்ணி 1, 2, 3 என வளரும். அந்தத் தொடர்ச்சியை நம்பித்தான் பல பழைய நிரல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே தொடக்கத்தில் ஒரே ஒரு 'காப்_இனிட்', எல்லா அழைப்புகளும் முடிந்த பிறகு ஒரே ஒரு 'காப்_டைடி'. அப்போது கோப்புகள் ஒழுங்காக மூடியிருக்கும். சி நிரலும் தன் கடைசி வரி வரை ஓடி முடியும்.